காரணம் என்ற இடத்தில்

அன்பு மகளுக்கு,

மூன்று செய்திகளை வரிசையாக எழுதுகிறேன்.
1. நுழைவுத் தேர்வு
2. பிளஸ் டூ மதிப்பெண்
3. கல்லூரி கேட்கும் விளக்கம்

நுழைவுத் தேர்வில் தாரணி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள். பிளஸ் டூவிலோ பாதியைத் தாண்டவில்லை. அது அவளுடைய அசட்டை. ஏன் இப்படி என்று பெற்றோர் கையெழுத்துடன் காரணம் எழுதி, மாதக் கடைசிக்குள் அனுப்பினால்தான் இடமாம். நீ திருப்பூரிலிருந்தே அனுப்பிவிடு.

அவளிடம் சொன்னால், "ஒண்ணும் எழுத வேணாம் தாத்தா. கோயம்புத்தூரு போயி நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்? வெரசா கஞ்சியக் குடிங்க, ஆறுது" என்கிறாள். குடித்தேன். கிண்ணத்தை அவள்தான் பிடித்திருந்தாள்.

போனில் பேசினால் அவள் காதில் விழும். அதனால் அவள் கடைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அட்டுவம்பட்டி முழுக்க மேகம் இறங்கி, அறைக்குள்ளும் வருகிறது. சன்னலை அவள் வந்துதான் சாத்த வேண்டும்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது செய்தி தவறு. அசட்டை இல்லை. நான் தேறிவிட்டதாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில், பள்ளி வேன் வரும் நேரத்தில் என்னைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை. பாதி நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை.

காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிடு.

உன்
அப்பா