உன் பெயரில் போட்ட விளக்கு

கோயில் கமிட்டித் தலைவர் இன்று காலையில் ஒரு புதுப் பல்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பூசைத் தட்டை ஏந்துவதுபோல அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உன் நினைவாகப் போட்ட விளக்கு அடிக்கடி அணைந்துபோவது அவருக்கு மனவருத்தமாம். "நல்ல மனுசி பேருல போட்டதுங்க டீச்சர். ஏந்தான் நிக்க மாட்டேங்குதோ" என்றார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கரண்ட் சரியில்லைங்க என்றேன். அவர் போனபிறகு பெட்டியைத் திறந்தேன். புது அட்டையின் வாசனை. நீ ஃபிலிம் பெட்டியைத் திறக்கும்போதும் இதே வாசனைதான் வரும்.

ஆமாம், உனக்கு ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள். உனக்கு! நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குவார்ட்டர்ஸ். அதன் பின்வாசலில் துணி காயப்போடும் கயிறு, ஒரு கறிவேப்பிலை மரம், அதற்கு மேலே வடக்கு வானம். கொழும்பில் வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டிய உன் அண்ணன், அவர் நாட்டைவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற தொலைநோக்கியை லொறியில் ஏற்றி உனக்கு அனுப்பினார். தூக்கிப் பார்த்தால் ஒரு கைக்குழந்தையின் கனம். நீயும் அதைக் குழந்தை மாதிரிதான் வைத்திருந்தாய். பிறகு யட்டியாந்தோட்டை டவுன் ஸ்டூடியோவில் பழைய கேமரா ஒன்றை வாங்கிவந்து, தொலைநோக்கியின் முதுகில் வைத்துக் கட்டினாய். வானத்தில் மங்கலாகத் தெரிகிற விண்மீன் திரள்களைப் படம் பிடிக்கப்போகிறேன் என்றாய். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லவும் சொன்னேன்.

ரப்பர் மலை உச்சிக்குப் போனால் நல்ல இருட்டு கிடைத்திருக்கும். ஆனால் நாட்டில் சண்டை நடந்த காலம். இரண்டு தமிழ்ப் பொம்பளைகள் இருட்டில் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதனால் பின்வாசல்தான் உன் மலை உச்சி.

அந்தப் பின்வாசலுக்கு எதிரில்தான் கோயில். நம் ஆட்களுக்குச் சாமிக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்றால் டியூப் லைட்டைத் தவிர வேறெதுவும் தோன்றாது. கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், குடியிருக்கிற லயத்து வீட்டு நம்பர் எல்லாவற்றையும் கண்ணாடி முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுதி 'உபயம்' என்று போட்டால், வெளிச்சம் பெயரைத் தாண்டி வெளியே வரவே சிரமப்படும். தலைவர் ஒரு படி மேலே போய், கம்பம் நட்டுத் தெருவிளக்கு மாதிரி ஒரு பெரிய விளக்கையே மாட்டினார். அம்மன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். விளக்கு மேற்கே திரும்பி நம் பின்வாசலைப் பார்த்து எரிந்தது. அம்மனுக்கு அதில் ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. தகரத்தில் எழுதித் தொங்கவிட்ட தலைவர் பெயர் மட்டும் டவுன் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

நீ அவரிடம் போய் என்ன கேட்டாய்? வாரத்தில் ஒரு நாள், பூசை முடிந்தபிறகு, ஒரு மணி நேரம். அவர் அதற்கு, "சாமி லைட்ட அணைக்கச் சொல்றது ஒங்க வாயா இருக்கலாமாங்க டீச்சர்?" என்றார். நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது. அவர் அறியாமைக்கு நீ எதற்குத் தலை குனிந்தாய்?

அதோடு விட்டாயா? ஒருமுறை காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று ஒரு மார்கழிச் சாயங்காலம் எல்லாரையும் பின்வாசலுக்குக் கூப்பிட்டாய். தேயிலை ஃபேக்டரிப் பெரிய டீமேக்கரின் மனைவி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றார். வேறு ஒருவர் இதில் கதிர்காமக் கோயில் தெரியுமா என்று விசாரித்தார். தலைவர் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, நன்றாகத் தெரிகிறது என்று சர்டிபிகேட் கொடுத்தார். அதற்குள் நீ சுட்ட ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்துவிட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் பாத்திரத்தை உருட்டிக் கழுவினேன். நீயோ, மூன்று பேர் ஒழுங்காகப் பார்த்தார்கள் என்று சந்தோஷப்பட்டாய்.

நான் மட்டும் என்ன, முதலில் பார்த்தபோது கண்ணாடியில் மாவுக்கை பட்டிருக்கிறது, துடை என்றுதான் சொன்னேன். அதுதான் ஆன்ட்ரொமீடா என்றாய். அந்த வெளிச்சம் கிளம்பி இருபத்தைந்து லட்சம் வருஷமாகிறது என்றாய். அவ்வளவு பழசா என்று கேட்டதற்கு, "பழசுதாண்டி. கெட்டுப் போகல" என்றாய். முதல் நாள் ரொட்டியை எனக்குச் சுடவைத்துக் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்வாய்.

படம் பிடிப்பது லேசுப்பட்ட வேலையா? பூமி சுற்றச் சுற்ற வானம் நகரும். நீ குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு நட்சத்திரத்தை உள்ளே இருக்கிற குறுக்குக் கோட்டின் நடுவிலேயே நிறுத்திக்கொண்டு, குழாயின் பக்கத்திலுள்ள திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். அந்தக் குறுக்குக் கோடே என் தலைமுடி இரண்டு இழைதான். உன் முடி சுருட்டை, கோடு நேராக வராது என்று என்னுடையதைப் பிடுங்கி, குழாய்க்குள் ஒட்டிவைத்தாய். கோயில் விளக்கை மறைக்க, உன் அம்மா கொழுந்தெடுத்த காலத்துக் கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டோம். காற்றில் அது விலகாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். என்ன பிடித்து என்ன? ஈரக்காற்றில் வெளிச்சம் மேலேயும் பரவி, படமெல்லாம் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வந்தது.

பிறகு மழை பொய்த்து, நாடெங்கும் தினம் கரண்ட் வெட்டினார்கள். தோட்டமே அரசாங்கத்தைத் திட்டியது. நாம் இரண்டு பேர் மட்டும் கரண்ட் எப்போது போகும் என்று வாசலில் காத்துக் கிடந்தோம். போனதும் ஓடிப்போய்த் தொடங்குவாய். பாதியில் கரண்ட் வரும். லயம் லயமாக எல்லாரும் ஏதோ யுத்தத்தில் ஜெயித்ததுபோல "ஓ"வென்று கத்துவார்கள். உன் படம் வெளுத்துப்போகும். பல்பு எரிவதற்குக் கைதட்டுகிற ஜனங்கள் இவர்கள் என்று நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன். நீ அடுத்த வெட்டு எப்போது என்று மட்டும் கேட்பாய்.

ஒரே ஒரு சாயங்காலம் கரண்ட் வரப் பிந்தியது. நீ முழுதாக எடுத்து முடித்தாய். திருகைப் பிடித்த விரல்கள் மரத்துப்போய்விட்டன என்று என் கன்னத்தில் வைத்துக் காட்டினாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஸ்டூடியோ முதலாளி அந்த ஃபிலிமைக் கழுவி, உறையில் போட்டு நீட்டினார். "மொகுத் நே மிஸ்" என்றார் சிங்களத்தில், ஒன்றுமே விழவில்லையாம். ஒன்றும் விழாத படத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்று தன் நேர்மையைத் தானே மெச்சிக்கொண்டார். எங்கே ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாததால், உத்தேசமாகக் கத்தரித்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உன் விண்மீன் திரள் நடுவில் இரண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டுப்பட்ட இடமே அழிந்துபோய், ஒட்டினாலும் சேராது. நான் கடையிலேயே சண்டைக்கு நின்றேன். நீ என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "ஆளுக்குப் பாதி. அடுத்தத முழுசா எடுப்போம்" என்றாய்.

அடுத்தது வரவில்லை. கரண்ட் வெட்டு நின்றது. கோயில் விளக்கு விடிய விடிய எரிந்தது. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நீயும் சொன்னாய், டிஸ்பென்சரியிலும் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நீ திரும்பி வரவில்லை. எனக்கு இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

உன் கருமாதி முடிந்த கையோடு கமிட்டி கூடியது. டீச்சர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டுமாம். என்ன செய்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதானே. தலைவரின் பழைய விளக்கு துருப்பிடித்து விழுகிற நிலையில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அதே கம்பத்தில் உன் விளக்கை மாட்டுவது என்று முடிவாயிற்று. தன் இடத்தையே விட்டுக்கொடுத்ததை அவர் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய், கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற பேச்சு வந்ததும் தானாக மூடிக்கொண்டது. அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்தே வயரை இழுங்கள், சுவிட்ச் உள்ளே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சிநேகிதம் என்றால் இதுவல்லவா என்று தலைவர் கண்ணைத் துடைத்தார்.

தேங்காய் உடைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். நம் இருட்டைப் போக்கியவர் என்று உன்னைப் புகழ்ந்து தலைவர் பேசினார். ஒரு மணி நேர இருட்டுக்கு அவரிடம் கையேந்தி நின்றவள் நீ. தகரத்தில் உன் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியதே பெரிய காரியம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

மழை நாளில் உன் விளக்கு நன்றாக எரிகிறது. குறை சொல்ல முடியாது. வானம் தெளிந்தால்தான் அதற்கு ஏதோ ஆகிவிடுகிறது. தலைவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தால்தானே விளங்கும். இது அவர் தந்த மூன்றாவது பல்பு. மூன்றும் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன.

நான் உன் அளவுக்குக் கெட்டிக்காரி இல்லை. திருகு கைக்குப் பழக வெகுநாளாயிற்று, இன்னும் நட்சத்திரம் குறுக்குக் கோட்டை விட்டு ஓடிவிடுகிறது. என் தலையில் பாதி நரைத்துவிட்டது, குழாய்க்குள் இருக்கிற இரண்டு இழையும் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. உன் பாதியும் என் பாதியும் ஒரே உறையில் இருக்கின்றன. ஸ்டூடியோவில், அடுத்த ஃபிலிமை வெட்ட வேண்டாம், "கபன்ன எப்பா" என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். அவர் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார். பார்க்கட்டும்.

பொழுது சாய்ந்துவிட்டது. மலைப்பக்கம் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பின்வாசலில் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டி உன் விளக்கை அணைக்க வேண்டும். பாவம் தலைவர், இன்றைக்குத்தான் புதுப் பல்பு கொடுத்தார்.