நாள் முழுதும் தாங்கும் பேட்டரி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜொகூர் பாரு பூராவும் ஜாம். கம்ப்யூட்டர் கடைக்கு இருபது நிமிஷம் லேட். சிப் கம்பெனி குடுத்த ஆரஞ்சுச் சட்டை ஈரம். மாத்துச் சட்டை கேட்டு மூணு தடவை ஆச்சு.

எதிர் மேசையில் அஸ்லினா, போட்டிக் கம்பெனியோட ஊதாச் சட்டை. அவ சிப் கம்பெனியும் என் சிப் கம்பெனியும் ரெண்டு மாசம் முன்னாடி ஒரே வாரத்தில் புது லேப்டாப் சிப் இறக்கியிருக்கு. ரெண்டும் கரண்டே குடிக்காதாம். போஸ்டரிலும் ஒரே பேச்சு: சார்ஜர் வேண்டாம், நாள் முழுதும் தாங்கும். நாங்களும் அதையே சொல்லி லேப்டாப் விக்கணும்.

மதியம் பரமேஸ் வந்தா. போன மாசம் என்கிட்ட லேப்டாப் வாங்கினவ. சிங்கப்பூர் ஃபேக்டரி வேலை. கம்பெனி பஸ்லயே டிப்ளோமா படிக்கிறா. நேத்து சாயங்காலம் பஸ் எல்லைப் பாலத்து ஜாம்ல நிக்க, ஆன்லைன் பரீட்சை பாதியில் பேட்டரி செத்துப்போச்சாம். அந்தப் பாடம் இனி அடுத்த வருஷம்தான். சண்டை போடல.

"நீங்க சொன்னத நம்பித்தான்க்கா சார்ஜரை வீட்லயே வெச்சிட்டுப் போனேன்."

திட்டியிருந்தா தேவலாம்.

நவம்பர் 5, புதன்

மழை. மதியம் மீ கோரெங் நூடுல்ஸ், ஆறிப்போனது.

எங்க கம்பெனி சூப்பர்வைசருக்கு ஃபோன். போஸ்டர்ல உள்ள மணிக்கணக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். இன்டர்நெட்டை அணைச்சு, திரை வெளிச்சத்தைக் குறைச்சு, ஒரே வீடியோவை ஓட விட்டுப் பார்த்ததாம். அப்படி யார் யூஸ் பண்றாங்க? கேக்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுன்னார். யாரு கேப்பாங்க.

அஸ்லினாகிட்ட சொன்னேன். அவங்க கதையும் அதேதான்னு ஒத்துக்கிட்டா. நாளைக்கு ரெண்டு மெஷினையும் பக்கத்துல வெச்சு நாமே பாத்துடலாம்னேன். யோசிச்சா. சரின்னா.

வாங்க வேண்டியது: குடை, மார்க்கர், தலைவலித் தைலம்.

நவம்பர் 6, வியாழன்

10.30க்கு ரெண்டு சார்ஜரையும் பிடுங்கினோம். இன்டர்நெட் ஆன், திரை நல்லாத் தெரியுற வெளிச்சம், வீடியோ கால், டைப்பிங். மனுஷங்க யூஸ் பண்ற மாதிரி.

என்னோடது 5.40க்குப் போச்சு. அஸ்லினாவோடது 6.50. ரெண்டுமே போஸ்டர் பக்கத்துல கூட வரல.

போஸ்டரைத் திருப்பி, பின்பக்கம் ரெண்டு நேரத்தையும் எழுதினேன். ரெண்டும் நாள் முழுதும் தாங்காதுன்னும். தமிழ், மலாய், இங்கிலீஷ். கடை முதலாளி, தவுக்கே லிம், கேக்காமலே கீழ சீனத்துல எழுதினார். நல்ல கையெழுத்து.

பரமேஸுக்கு மெசேஜ்: நான் சொன்னது தப்பு, மன்னிச்சிரு, காலேஜுக்கு எழுதிக் கொடுக்கவும் தயார்.

நவம்பர் 7, வெள்ளி

யாரோ அந்த அட்டையைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க. சூப்பர்வைசர் நேர்லயே வந்தார். எடுன்னார். சரியான போஸ்டர் கொண்டாங்க, எடுக்கிறேன்னேன். எதிராளி ஜெயிச்சதை நம்ம மேசையிலயே எழுதி வைப்பியான்னு கேட்டார்.

"ஜெயிச்சது யாருன்னு நான் எழுதல சார். ஓடுன நேரத்தை எழுதினேன்."

அட்டையை நான் எடுக்கல.

சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போகச் சொன்னார். டாய்லெட்ல மாத்தி, மடிச்சு, கையில கொடுத்தேன். அழல. பஸ்ல கொஞ்சம்.

நவம்பர் 8, சனி

பரமேஸ் பதில்: கட்டைவிரல் மட்டும். போதும்.

ஊதா கம்பெனி மேனேஜர் ஃபோன். திங்கக்கிழமையே அவங்ககிட்ட வேலைக்கு வரலாமாம். அதே அட்டை, நான் எழுதின அதே நேரக்கணக்கு. ரெண்டும் தாங்காதுங்கிற வரியை மட்டும் வெட்டிடணும், அவங்க சிப்தான் ஜெயிச்சதுன்னு சொல்லணும். சட்டைக் கலர் மாத்திக்கவா இவ்வளவும் பண்ணேன்? முடியாதுன்னு வெச்சுட்டேன்.

வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு அவரே டீ போட்டார்.

நவம்பர் 10, திங்கள்

வெயில்.

லிம் கூப்பிட்டார். வர்றவங்க எல்லாம் அந்த அட்டை எங்கேன்னுதான் கேக்கிறாங்களாம். கடை ஆளா சேந்துக்கோ, எந்த மெஷின் வந்தாலும் ஓட விட்டு எழுதுன்னார். எழுதினதை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன், நீங்க சொன்னாலும், அப்படின்னா வர்றேன்னேன். சிரிச்சார். தலையாட்டினார்.

சொந்தச் சுடிதார், பச்சை. அஸ்லினா எட்டிப் பாத்துக் கையாட்டினா.

பதினோரு மணிக்கு மூணாவதா ஒரு சிப் கம்பெனி ஆள், சுருட்டின போஸ்டரோட. எங்க ஒட்டலாம்னு சுவத்தைப் பாத்தார்.

"அது அப்புறம் சார். முதல்ல மெஷினைக் குடுங்க."

11.05. ஓட விட்டாச்சு.