இறக்கைக்குள் வைத்த பொட்டு

வைகாசி 6, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சந்தைக்குப் போகவில்லை. மணல் சலித்தது பதினாறு மூட்டை. வாய் தைத்தது ஏழு. மீதி நாளைக்கு. இடுப்பு வலி.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏக்கா, உம் பேத்தி ரெண்டு பேரு குந்தற ஏரோப்பிளேனு செய்யறாளாமே, துணியிலயா செய்யறா? மழ வந்தா நனையாது?"

"நனைஞ்சா கொடியில காயப் போட்டுக்கறோம் போடி."

அவளுக்கு என்ன தெரியும். எனக்கே முதலில் புரியவில்லை. கண்ணாடி நூலில் நெய்த துணி, அதன் மேல் ரெசின் என்று ஒரு பசை. துணி மேல் துணி. பிளாஸ்டிக் தாள் மூடி, மோட்டார் வைத்துக் காற்றை உறிஞ்சி, காய்ந்தால் இரும்பு மாதிரி. தூக்கினால் மொறம் மாதிரி லேசு. மொறத்துக்குக் காகிதமும் வெந்தயமும் அரைத்துப் பூசுவோமே, அதுதான் இது என்றேன். பேத்தி கலை சிரித்துவிட்டாள். "அதேதான் ஆயா. உனக்கு அப்பவே டிகிரி குடுத்திருக்கணும்."

அஞ்சாவதோடு நின்றவளுக்கு டிகிரி. நாள் பூரா சிரிப்பு.

வைகாசி 7, புதன்

பழையதோடு சேர்த்து நாற்பது மூட்டையும் முடிந்தது. கோழி பதினோரு குஞ்சு.

அடுத்த செவ்வாய் பரீட்சை. பரீட்சை கலைக்கு இல்லை, இறக்கைக்கு. குப்புறப் போட்டு, மேலே மணல் மூட்டையாக அடுக்குவார்கள். வானத்தில் தாங்க வேண்டிய பாரத்தைத் தரையில் தாங்கிக் காட்ட வேண்டும். தை மாதம் செய்த முதல் இறக்கை பாதி மூட்டையிலேயே படார் என்றது. அன்றைக்குக் கலை அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். இதுவும் போனால் பெங்களூர் வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். போனால், முன்னே பட்டுப்புழு வளர்த்து இப்போது இறக்கை செய்கிற மனைக்கு மறுபடி பூட்டு.

வைகாசி 9, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். விளக்கு ஏற்றினேன். மத்தியானம் இறக்கையின் மேல் தோலையும் கீழ்த் தோலையும் ஒட்டி மூடப் போகிறார்கள். மூடிவிட்டால் உள்ளே யாரும் பார்க்க முடியாது.

கலையும் அவளோடு வேலை செய்கிற இம்ரானும் டீ குடிக்கப் போன நேரம். விளக்கு எண்ணெயில் குங்குமம் குழைத்து, உள்பக்கம் ஒட்டுகிற ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரியும்.

மூன்று மணிக்கு மூடியாயிற்று. மனசு நிறைவு. சாயங்காலம் களி, கீரை.

வைகாசி 11, ஞாயிறு

இம்ரான் தர்மபுரியிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்தான். தின்ற கையோடு வால் பகுதியைத் தொட்டுவிட்டான். கலை கத்திய கத்தலில் கோழியெல்லாம் ஓடியது.

"எத்தன தடவ சொல்றது? எண்ணெ பட்ட எடத்துல பசை புடிக்காதுடா! மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும், பாரம் ஏறுனா பொளந்துக்கும்!"

வெள்ளிக்கிழமை எண்ணெயில் குழைத்து வைத்த பொட்டு ஞாபகம் வந்தது.

எண்ணெய்க் கையால் மொறத்தைத் தொடாதே என்று மருமகளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். நான்தான். என் வாய்தான். சொன்னால் பரீட்சை தள்ளிப் போகும். திட்டுவாள். சொல்லாவிட்டால்? எண்ணெய் ஒரு சொட்டுதானே. சாமி பேரில் வைத்தது ஒன்றும் ஆகாது. ஆகாதா?

வைகாசி 12, திங்கள்

சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கு, அவள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே. இன்னும் தள்ளினால் வாய் வராது என்று.

கலை வாயைக் கொப்பளித்தாள். நேராக மனைக்கு நடந்தாள். பின்னாலேயே நான்.

பசை பிடிக்காத இடம் சத்தத்தில் தெரியுமாம், இம்ரான் நாணயத்தால் ஓரம் பூராவும் தட்டினான். "சனிக்கிழமையே தட்டிப் பாத்தோம் ஆயா. இப்பவும் எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்குது. பயப்படாதீங்க."

"குடு இப்பிடி" என்று வாங்கினேன். பானை வாங்கப் போனால் பத்துப் பானை தட்டிப் பார்க்கிற காது எனக்கு. வைத்த இடமும் தெரியும். டங். டங். டொத். மறுபடி தட்டினேன். டொத்.

கலைக்கும் கேட்டுவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, "இன்னும் எங்கெங்க வெச்ச?"

"வேற எங்கியும் இல்ல சாமி."

"மோட்டாருக்கு?"

"அதுக்கு மாலைதான் போட்டேன். அன்னிக்கே நீ கழட்டிட்ட."

இம்ரான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். கலை சிரிக்கவில்லை. ஆனால் நான் வைத்த காப்பியைக் குடித்தாள்.

வைகாசி 13, செவ்வாய்

நேற்று மாலை லேசாக மழை. இன்று பரீட்சை இல்லை. அந்த இடத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். உள்ளே பார்த்தேன். என் பொட்டு, வைத்தது வைத்தபடி. சுற்றிப் பசை பிடிக்கவே இல்லை.

"நீ சொல்லலன்னா இங்கதான் ஆயா பொளந்திருக்கும்" என்றாள் கலை. அவ்வளவுதான் சொன்னாள். போதும்.

வைகாசி 16, வெள்ளி

வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்தேன், எண்ணெய் தொடவில்லை. மனைப் பக்கமே போகவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மருந்து வைத்துத் துடைத்து, துணி வைத்து ஒட்டுப் போட்டுவிட்டார்களாம். சின்னத் துணி, அதற்கு மேல் கொஞ்சம் பெரிசு, அதற்கு மேல் இன்னும் பெரிசு. மூன்று நாள் காய வேண்டும்.

கதவில் ஒட்ட ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். "சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உள்ளே வராதே. ஆயாவும்தான்." கடைசி வரி இம்ரான் சேர்க்கச் சொன்னது. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

வைகாசி 19, திங்கள்

மேகம். காற்றில்லை. நல்ல நாளா என்று பார்க்கவில்லை.

இறக்கை குப்புற. ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினார்கள். பத்து. இருபது. நுனி தணிந்துகொண்டே வந்தது. தை மாதம் உடைந்த கணக்கு வந்ததும் கலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையைப் பார்த்தேன். என் தையல் விடவில்லை.

முப்பது. கிறீக் என்று ஒரு சத்தம். சின்னத்தாயி வேலிக்கு அந்தப் பக்கம் "ஐயோ" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. நாற்பது. கடைசி மூட்டை. கலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இம்ரான் உதடு அசைந்தது, ஓதுகிறான் போல.

இறக்கினார்கள். இறக்கை பழைய இடத்துக்கே எழும்பி வந்தது. கலை அளவுகோலை வைத்துப் பார்த்தாள், இரண்டு தடவை. பிறகுதான் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நாணயத்தை என் கையில் வைத்தாள். "நீயே பாத்துச் சொல்லு."

போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் தட்டினேன்.

டங்.