சகலையை முந்த ஒரு வண்டி

மார்ச் 3, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. திரைச்சீலை விற்காத நாட்களில் ஷெட்டில் மல்லாந்து கிடக்கிறேன், வண்டிக்கு அடியில். வண்டி என்று சொன்னால் வண்டியே சிரிக்கும். சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்துச் செய்த ஒரு கட்டில். அதன் பின்பக்கம் ஒரு என்ஜின். லாரி இடித்துப் பழைய இரும்புக்குப் போன சின்னக் காரிலிருந்து பிடுங்கியது.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், தன் புது ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி சூப்பில் ஆரம்பித்துக் காபி வரை பேசினான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்த மாதிரி ஒண்ணை நானே வீட்ல கட்டி உங்களை முந்திக் காட்டுறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். மேஜையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. காது மந்தமான மாமனாருக்குக்கூட அன்றைக்கு மட்டும் கேட்டது.

ஜூன் முதல் ஞாயிறு, பழைய விமான ஓடுபாதையில் போட்டி. ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து யார் சீக்கிரம் வந்து சேர்கிறார்களோ அவர்தான் ஆள். சகலை பேர் கொடுத்துவிட்டான். நானும்.

(நேரில் அவன் எனக்கு 'நீங்க'. இங்கே 'அவன்'. வேறு எதற்கு நாட்குறிப்பு எழுதுகிறேன்?)

மார்ச் 17, ஞாயிறு

வெல்டிங் வேலை முழுக்க என் மைத்துனன் கையில். மனைவியின் தம்பி. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். எனக்கும் சகலைக்கும் அவன் ஒருத்தன்தான் மைத்துனன் என்பதால் இரட்டை உளவாளி. இங்கே காபி குடித்துவிட்டு அங்கே போய் ஒப்பிப்பான். அங்கே குடித்துவிட்டு இங்கே.

கை மட்டும் பஸ் கை. பக்கக் கண்ணாடி மாட்ட ஒரு தாங்கி செய்து தந்தான். தூக்கவே இரண்டு கை வேண்டும்.

"டேய், இதுல யாரும் தொங்கிட்டு வரப்போறதில்ல."

"தொங்கினாலும் தாங்கும் அத்தான்."

ஏப்ரல் 4, வியாழன்

இருக்கைக்குத் துணி கிடைத்தது. கடையில் யாருமே வாங்காத ரோஜாப்பூத் திரைச்சீலை. மனைவி பார்த்துவிட்டு ஷெட் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 27, சனி

ஓடிவிட்டது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் யாரையோ வாயைத் திறந்தபடி நாற்காலியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து பார்த்தார். அவருடைய கட்டணத்துக்கு அந்த ஆள் கொஞ்சம் ஓய்வெடுத்தால் தப்பில்லை.

மே 5, ஞாயிறு

பந்தய வண்டிக்கு நாலு சக்கரத்திலும் எடை சரியாக விழ வேண்டுமாம். இடது, வலது சமமாக இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கும். அதற்கென்று இருக்கும் கருவியின் விலையைக் கேட்டதும் எங்களுக்கு யோசனை பிறந்தது: ஆட்கள் ஏறி நிற்கும் எடை மெஷின், சக்கரத்துக்கு ஒன்று.

நம் வீட்டில் ஒன்று. பல் டாக்டரிடம் ஒன்று. மாடிவீட்டு வக்கீலம்மாவிடம் ஒன்று. "கல்யாணத்தன்னிக்கு இருந்த அதே வெயிட்தான் நான்" என்பவர், மெஷினைப் பரண்மேலிருந்து தூசி தட்டித் தந்தார். நாலாவது சகலை வீட்டிலிருந்து. மைத்துனனை அனுப்பி வாங்கினேன். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலையும் அடியில் தள்ளி, வண்டியை இறக்கினோம். என்னையும் உள்ளே உட்கார வைத்தான் மைத்துனன். "வண்டியில அம்பது கிலோ குறைக்கணும்னா செலவு எகிறும் அத்தான். உங்ககிட்ட குறைச்சா இலவசம்." முள் சமமாகும் வரை ஒவ்வொரு ஸ்பிரிங்காகத் திருகினோம். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

மே 12, ஞாயிறு

பிரேக் போட்டால் வலது பக்கம் ஓடுகிறது. ஒருமுறை குப்பைத்தொட்டி வரை. அதுவும் நிரம்பிய தொட்டி.

மே 14, செவ்வாய்

மறுபடி எல்லாவற்றையும் தூக்கினோம். அடியிலிருந்து உருவிய நாலு மெஷினில் ஒன்று, மேலே ஈகூட இல்லாதபோதே எட்டு கிலோ காட்டிக்கொண்டு நின்றது. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தும் திருகை யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நானும் பார்க்கவில்லை, மைத்துனனும் பார்க்கவில்லை. நாலும் வெள்ளை, எது யாருடையது என்று குறித்தும் வைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. யார் வேலை இது? வேறு யார்?

போனைப் போட்டேன். "மெஷினைத் திருகி அனுப்பித்தான் ஜெயிக்கணுமா சகலை?"

"நான் எதுக்குத் திருகணும்? நீங்க ஓட்டுறதே போதுமே."

வைத்துவிட்டேன். அப்போதுதான் மனைவி வந்து மெஷினைத் திருப்பிப் பார்த்து மெல்ல, "என்னங்க, இது நம்ம வீட்டுது" என்றாள்.

"நம்மளுதா? யார் திருகினா?"

"நான்தான். டாக்டர் சொன்னாக் கேக்கல, நான் சொன்னாக் கேக்கல. மெஷின் சொன்னாக் கேப்பீங்கன்னு பார்த்தேன்."

ஒன்றரை வருடமாம். ஒன்றரை வருடமாகச் சர்க்கரை இல்லாத காபி குடித்திருக்கிறேன். அந்த மெஷினில் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவேன், காலியாக இருக்கும்போதே முள் எட்டில் நின்றது கண்ணில் படாததும் அதனால்தான். கோபப்படத்தான் நினைத்தேன், ஆனால் உட்கார்ந்த இடத்தில் எட்டு கிலோ குறைந்த மனுஷனுக்குக் கோபம் எங்கே வரும்? இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். இரண்டாவதை அவளே வெட்டித் தந்தாள். குற்ற உணர்ச்சி.

மே 16, வியாழன்

போனில் சகலையிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. மனைவி பக்கத்திலேயே நின்றாள், நடுவில் வைத்துவிடக் கூடாதே என்று. அவன் சிரி சிரி என்று சிரித்தான். பிறகு, "சரி, அந்த ஸ்பிரிங்கை எப்படித்தான் திருகுறீங்க?" என்று கேட்டான். சொன்னேன். மேலும் கேட்டான். மேலும் சொன்னேன். அரைமணி நேரம். எதிரிக்கு இவ்வளவு சொல்லலாமா?

ஜூன் 2, ஞாயிறு

வந்து குளித்தும் காதுக்குள் மணல். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஆளுக்கு மூன்று சுற்று. சகலையின் கார் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் அகலம். குறுகலான வளைவுகளில் தயங்கியது. மூன்றும் ஓட்டிவிட்டான். அதில் நல்லது அறுபத்தெட்டு விநாடி.

எனக்கு முதல் சுற்றில் இரண்டு கூம்பு காலி. இரண்டாவதில் ஒன்றையும் தொடவில்லை, பிரேக் நூல் பிடித்த மாதிரி நின்றது. எழுபத்தொன்று. மூன்று விநாடி! மாமனார் வீட்டு மேஜை முழுக்க என் கண்முன்னால் வந்து உட்கார்ந்தது.

சகலை தண்ணீர் பாட்டிலோடு வந்தான். கேலிக்குத் தயாரானேன். அவன் வண்டியைச் சுற்றி வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தான். "சகலை, ஒரே ஒரு ரவுண்டு... நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

மேஜையில் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. மிச்சம் இருந்தது என்னுடைய அந்த ஒரு சுற்றுதான். நான் ஓட்டினால் எழுபத்தொன்று எழுபது ஆகும், அவ்வளவுதான்; அது எனக்கும் தெரியும், என் முதுகுக்கும் தெரியும். போட்டி நடத்தும் அம்மாவைக் கேட்டோம். "பேர் கொடுத்தவர் யாரும் ஓட்டலாம், வண்டிக்குச் சொந்தக்காரர் சம்மதிச்சா."

சம்மதித்தேன். ஏன்? தெரியவில்லை. அவன் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து ரோஜாப்பூவில் உட்கார வைத்தோம்.

போனான் பாருங்கள். என் வண்டிக்கு அப்படியெல்லாம் திரும்பத் தெரியும் என்று எனக்கே தெரியாது. நானும் மைத்துனனும் வேலியோரமாக ஓடினோம். அறுபத்தாறு.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் சின்னப் பையன் மாதிரி இருந்தது.

"முந்திட்டேன் சகலை" என்றேன் நான்.

"யாரை? ஓட்டினது நான்."

"உங்க காரை. கட்டினது நான்."

"வெல்டிங் வெச்சது நான்" என்றான் மைத்துனன். அவனை யாரும் சட்டை செய்யவில்லை.

மனைவிதான் முடித்து வைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு பேரையும் முந்திட்டீங்க. கிளம்பலாமா? பசிக்குது."

வழியில் மாமனார் போன். "யாருப்பா ஜெயிச்சது?"

"என் வண்டி மாமா."

"ஓட்டினது?"

"சிக்னல் சரியில்ல மாமா, அப்புறம் பேசறேன்."

ஜூன் 16, ஞாயிறு

காலையிலேயே சகலை வந்துவிட்டான், முட்டி கிழிந்த பேன்ட்டோடு. அவனிடம் அப்படி ஒரு பேன்ட் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும். இருக்கையை இரண்டு விரல் முன்னால் தள்ள வேண்டும் என்கிறான். தள்ளினால் எனக்குத் தொப்பை இடிக்கும் என்கிறேன். மத்தியானம் வரை சண்டை. நடுவில் அவன் வாய்தவறி "நம்ம வண்டி" என்றான், நான் திருத்தவில்லை.

என்ஜின் மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். காயவைக்க ஷெட்டில் இடமில்லை. அவனுடைய ஸ்போர்ட்ஸ் கார் தெருவில் நல்ல வெயிலில் நின்றது. அதன் பானட்மேல் அவனே செய்தித்தாளை விரித்து, "இங்க வைங்க சகலை, சூடா இருக்கு, சீக்கிரம் காயும்" என்றான்.