அரைக்கட்டை அரைக்கட்டையாக

1938 மாசி, சனிக்கிழமை இரவு. திருமயம்.

நேற்றைய நாடகத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. ராஜபார்ட் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலன் வேஷம் கட்டிக் காதல் பாட்டில் மேல்ஸ்தாயிக்குப் போனவருக்கு வெறும் காற்றுத்தான் வந்தது. முன்வரிசையில் இருந்த பொன்னமராவதிக் கூட்டம் மீதிப் பாட்டைத் தானே பாடி முடித்தது. அவர் சிரித்தபடி நின்றார். உடனே "ஒன்ஸ்மோர்!" என்று அதே கூட்டம் கத்தியது. யாருக்கு? தங்களுக்கேதான். வெட்கங்கெட்ட ஜனங்கள்.

பதினைந்து வருஷமாக ஆர்மோனியத்தில் சுருதியை அரைக்கட்டை அரைக்கட்டையாக இறக்கி, அந்தத் தொண்டையைக் காப்பாற்றி வருபவன் நான்.

இன்று காலை அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் ஊருக்குத் திரும்ப வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அவருக்குத்தான் கொரலே இல்லையே, எதைக் கேக்க இம்புட்டுத் தூரம் வாரீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணன் கொரலு அன்னைக்கிருந்த மாதிரியே இருக்குங்க. ஆமா, நீங்க யாரு? நாடகமெல்லாம் பாக்குறது உண்டுங்களா?"

ராத்திரி முழுக்க அந்த மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன்.