உன் அத்தைக்கு மீன் தரமாட்டேன் என்றேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உனக்குப் பழைய செய்திதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

கடையில் ஆற்று மீன் விற்பதை நிறுத்திவிட்டேன், மற்றவர்கள் சொல்லி நீ பதறுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆற்றின் மேல்பக்கம் தங்கம் அரிக்கிறவர்கள் பெருகியதிலிருந்து தண்ணீர் சேறாகத்தான் வருகிறது, உன் மாமாவும் அங்கேதான் இயந்திரம் போட்டிருக்கிறான். சேறோடு போனால் பரவாயில்லை, பொன்துகளைத் திரட்ட ஊற்றுகிற பாதரசம் ஆற்றில் இறங்கி, சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்கிற பெரிய மீனில் சேர்ந்துவிடுகிறதாம். சுகாதாரத் துறையினர் என் கடை மீனையே எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, கர்ப்பிணிகள் தொடவே கூடாது, வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்றார்கள். மறுநாளே உன் அத்தை நிறைந்த வயிற்றோடு வந்து பெரிய மீனாகக் கேட்டாள். தரமாட்டேன் என்றேன். காரணம் சொல்வதற்குள் கண் கலங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மாமா வந்து, கடையில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல், “என் பொண்டாட்டிக்கு மீன் இல்லன்னியாமே, அப்படி என்னக்கா கோபம்?” என்றான். “நீ ஆத்துல ஊத்துனதை உன் பிள்ளையே தின்னணுமா? சொல்லு, வெட்டித் தரேன்” என்றேன். முகம் செத்துப்போய்விட்டது அவனுக்கு. வந்த வழியே திரும்பிப் போனான்.

அதன்பிறகு பல நாள் எட்டிப்பார்க்கவில்லை. இருக்கிற ஒரே தம்பியையும் விரட்டிவிட்டாயா என்று அப்பா குத்திக்காட்டினார், எனக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு அவனே வந்து, பாதரசத்தை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னான். இப்போது கம்பளம் விரித்த சரிவுப் பலகையில் மண்ணை அலசி, கம்பளத்தில் தங்குகிற துகளைத்தான் எடுக்கிறான், சேற்றுத் தண்ணீரையும் குழியில் தெளியவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறான். தங்கம் குறைவாகத்தான் கிடைக்கிறது, புலம்புகிறான், ஆனால் செய்கிறான். பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்களாம், அவளுக்கு இல்லை, அக்காவுக்குத்தான் பயப்படுகிறேன் என்றானாம். கேலி செய்தவர்களில் இரண்டு பேர் இப்போது அந்தப் பலகையை அளவெடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஆற்றின் அடியில் படிந்த பாதரசம் லேசில் போகாது, எனக்குத் தெரியும். ஆனால் மேலும் ஊற்றாமல் இருந்தால் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். அதுவரை குளத்து மீன் விற்கிறேன், வியாபாரம் மெல்ல நிமிர்கிறது.

அத்தையிடம் ஒரு வார்த்தை பேசு, என்மேல் வருத்தமில்லை என்கிறாள், உன்னிடம் உண்மையைச் சொல்வாள். விடுமுறைக்கு வரும்போது ஆற்று மீன் கேட்காதே. உன் பிள்ளைகள் கேட்கிற காலத்தில் தயங்காமல் கொடுப்பேன். நீ நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இரு, கண்ணு.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா