நடுக்கத்தைக் குடியென்று நினைத்தேன்

என் அண்ணே, அம்மா வாய் நிறைய 'ராசேந்திரா' என்று கூப்பிட்ட என் அண்ணே,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சம்பா அறுவடை முடிந்து இன்றைக்குத்தான் கை ஓய்ந்தது. உடம்பு அசதி என்றால் படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் போகாத அசதி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா காலத்திலிருந்து உழுத மடத்து நிலத்தை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கோட்டையில் இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும் மாறி மாறி வந்தன. நம் குத்தகைக் காகிதக் கட்டு மட்டும் தாசில்தார் ஆபீசில் நகரவே இல்லை. தெருவுக்கே சேர்த்து நீதான் நடையாய் நடந்தாய்.

கடைசி விசாரணை அன்று அண்ணி திருக்கடையூரில் இருந்தார்கள், அவர்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக. போகும்போது பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம், "ஊசி போட்டா அவரு நேரத்துக்குச் சாப்பிடணும் செல்வி. கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார்கள். "நீங்க கவலைப்படாம போங்க அண்ணி" என்றேன்.

காலையில் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கொண்டு, நான் வைத்த இட்லியைத் தொடாமல் பஸ்ஸுக்கு ஓடினாய். மதியம் குத்தகை நம் பேருக்குப் பதிவானது. அந்தச் சந்தோஷத்தில் உன் சிநேகிதர் முருகையன் உன்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். வெறும் வயிற்றில் பிராந்தி. தீபாவளிக்குக்கூடத் தொடாத நீ.

மூன்று மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். சட்டையெல்லாம் வேர்வை. பேச்சு குழறியது. அந்த வாடை அடித்ததும் குடித்தே செத்த அப்பாதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

"செல்வி, என்னமோ பண்ணுதுடி. சோறு போடு."

"குடிச்சா பண்ணத்தான் செய்யும். போய்ப் படு. தெளிஞ்சதும் சாப்பிடலாம்."

"கை நடுங்குது பாரு."

"இந்தக் கண்றாவிய அண்ணி வந்து பாக்கட்டும்."

நீ சண்டை போடவில்லை. என் வீட்டுக் கட்டிலிலேயே போய்ப் படுத்துக்கொண்டாய். நான் கொல்லையில் துணி துவைத்தேன். குறட்டை கேட்டது. அது குறட்டைதானா அண்ணே?

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுப்பினேன். நீ எழுந்திருக்கவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ், "சுகர் இருபத்திரண்டுதாம்மா இருக்கு. எப்ப சாப்பிட்டாரு?" என்றாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. நீ கண் திறக்கவில்லை.

"வயிறு காலியா இருந்தா ஈரல்தான் சர்க்கரைய விட்டுக் காப்பாத்தும். குடிச்சிருந்தா அதால முடியாது. பாக்கறவங்களுக்கு வெறும் போதையாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, குற்றம் சொன்னாரா? ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கேள். நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முருகையன் தள்ளாடிக்கொண்டே வந்தார். இப்போது அவருக்கும் சுகர், அவருக்கும் ஊசி. "ஏத்திக்கிட்டு வந்துட்டாரு, நிழல்ல படுக்கப் போடுங்கப்பா" என்றார்கள் அங்கே நின்றவர்கள். அவர் நெற்றியில் அதே வேர்வை, கிட்டே வந்ததும் அதே வாடை. நான் அசையாமல் நின்றேன். என் அண்ணனைக் கூட்டிப்போன ஆள்தானே, கிடக்கட்டும் என்று தோன்றியது. உன்னிடம் மறைப்பானேன்?

பிறகு ஓடினேன். "ஊசி போட்டீங்களாண்ணே? சாப்பிட்டீங்களா?"

"போட்டேன்... சாப்பிடல..."

டீக்கடையில் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் கலக்கி வாங்கினேன். அவராக விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு தெளிந்தது.

"சரியாப் போச்சும்மா. வீட்டுக்குப் போறேன்."

"பிராந்தி உள்ள இருக்கு. மறுபடியும் எறங்கும். ஆட்டோல ஏறுங்க."

ஆஸ்பத்திரியில், நான் சொன்னபடியே மறுபடி இறங்கியது. பக்கத்திலேயே ஆள் இருந்ததால் பிழைத்தார். "அன்னிக்கு எனக்கு இது தெரியலியே செல்வி" என்று அழுதார். "எனக்கும் தெரியலண்ணே" என்றேன்.

நீ சோறு கேட்டது அண்ணிக்குத் தெரியாது. "வந்தாரு, படுத்தாரு, எழுந்திருக்கல" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நம் நிலத்தை இப்போது அவர்கள்தான் பார்க்கிறார்கள். நல்லதாக எது சமைத்தாலும் எனக்கு ஒரு கிண்ணம் வந்துவிடுகிறது. அதை எப்படி விழுங்குகிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நாளைக் காலை அண்ணியிடம் சொல்லிவிடுவேன். துரத்தினாலும் சரி, கட்டிக்கொண்டு அழுதாலும் சரி, நீ கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

நீ பசித்துக் கேட்டும் போடாத,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி